காதுக்குள் ஒரு குடும்பம்

மந்தைவெளிப் பக்கம் எனக்கு ஒரு மருந்துக் கடை இருக்கிறது. அப்பா ஆரம்பித்தது. டி.ஃபார்ம் முடித்த கையோடு கவுன்ட்டருக்குப் பின்னால் வந்து நின்றவன், தலை நரைத்தும் அங்கேயே நிற்கிறேன். சர்க்கரை, பிரஷர், தைராய்டு மாத்திரைகளை எங்கள் தெருக்காரர்கள் என்னிடம்தான் வாங்குகிறார்கள். பாதிப் பேர் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்கிறார்கள். மனநோய்க்கான மாத்திரைக்கு மட்டும் பஸ் பிடித்து தி.நகர் போகிறார்கள். தி.நகர்க்காரர்கள் அடையாறு போகிறார்கள். அடையாற்றுக்காரர்கள் என்னிடம் வருகிறார்கள். மூன்று இடத்திலும் அதே கம்பெனி அட்டை, அதே விலை.

சீட்டை எட்டாக மடித்து நீட்டுவார்கள். "நரம்புக்குக் குடுத்திருக்கார் சார்" என்பார் ஒருவர். "ஊர்ல ஒரு சொந்தக்காரப் பையனுக்கு" என்பார் இன்னொருவர். சிலர் வாயே திறக்க மாட்டார்கள். பின்னால் நிற்பவர் போகட்டும் என்று இருமல் மிட்டாய் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு ஒதுங்கி நிற்பார்கள். அல்ப்ரசோலம் போன்ற பதற்ற மாத்திரைகள் ஷெட்யூல் எச்1 பட்டியலில் வருபவை. 2014 மார்ச்சிலிருந்து அவற்றுக்குத் தனிப் பதிவேடு உண்டு. நோயாளி பெயர், டாக்டர் பெயர், எத்தனை மாத்திரை என்று எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அந்த நோட்டை எடுத்தாலே முகம் மாறிவிடும். "பேரு எழுதணுமா?" காசநோய் மருந்துக்கும் சில ஆன்டிபயாடிக்குக்கும் இதே நோட்டுதான் என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டினால் கொஞ்சம் மூச்சு வரும்.

சீட்டில் ஓலன்சபின், ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் இவற்றில் ஒன்று, கூடவே ட்ரைஹெக்ஸிஃபெனிடில் என்று எழுதியிருக்கும். வேறு சில நோய்களுக்கும் இவற்றைக் கொடுப்பார்கள் என்றாலும், பல வீடுகளில் இதற்கு ஒரே பொருள்தான்: பக்கத்தில் ஆள் இல்லாமலே யாருக்கோ குரல் கேட்கிறது. அந்தக் குரலைப் பற்றி என் கடை வாசலில் நின்று தெரிந்துகொண்டதும், படித்துத் தெரிந்துகொண்டதும் சேர்த்து இங்கே சொல்கிறேன். வாடிக்கையாளர்கள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அரிசி களையச் சொல்லும் குரல்

கூட்டமில்லாத மதிய நேரத்தில் ஒரு பெண் வருவார். நாற்பது வயதுக்குள் இருக்கும். பல வருடமாக மாத்திரை எடுப்பவர், தி.நகரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். மற்றவர்களைப் போல மறைத்துப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை.

"இப்ப பரவால்லண்ணா. முன்னல்லாம் நாள் பூரா பேசும். இப்ப காலைல மட்டுந்தான்."

"என்னம்மா பேசும்?"

"எழுந்திரு, குளி, அரிசி களைஞ்சு வை, மணி ஆச்சு பாருன்னு. எங்க அத்தை பேசற மாதிரியே இருக்கும்."

"நீ என்ன பண்ணுவ?"

"குளிச்சிட்டு அரிசி களைவேன். எப்படியும் செய்ய வேண்டிய வேலைதானே."

அவர் போன பிறகு வெகு நேரம் எனக்கு வேலை ஓடவில்லை. குரல் என்றால் கொல்லச் சொல்லும், ஓடச் சொல்லும் என்று சினிமா சொல்லிக் கொடுத்திருந்தது. ஒரு குரல் பொறுப்பாக உலை வைக்கச் சொல்லும் என்று நான் நினைத்ததே இல்லை.

அவர் விதிவிலக்கு இல்லை என்பது பிறகு தெரிந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மானிடவியலாளர் டான்யா லூர்மன், சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவன மனநல மருத்துவர்கள் ஆர்.பத்மாவதி, ஹேமா தரூர் உள்ளிட்டவர்களோடு சேர்ந்து ஓர் ஆய்வு செய்தார். 2015ல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் அது வெளிவந்தது. கலிஃபோர்னியாவின் சான் மாட்டியோவில் 20 பேர், கானா நாட்டின் அக்ராவில் 20 பேர், நம் சென்னையில் 20 பேர். எல்லோருக்கும் ஸ்கிசோஃப்ரீனியா என்ற மனநோய், எல்லோருக்கும் குரல் கேட்கும். உங்கள் குரல் யாருடையது, என்ன சொல்லும், அதோடு உங்களுக்கு என்ன உறவு என்று உட்கார்ந்து கேட்டார்கள்.

அமெரிக்கர்கள் தங்கள் குரல்களை மூளையில் ஏற்பட்ட பழுது என்று நோயின் பெயரைச் சொல்லியே விவரித்தார்கள். அந்தக் குரல்களில் பல வன்முறையானவை, யாரென்று தெரியாதவை. அக்ராவில் பலருக்குக் கடவுளின் குரல் கேட்டது. பாதிப் பேர் அதைப் பெரும்பாலும் நல்ல அனுபவம் என்றே சொன்னார்கள். சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல். அந்தக் குரல்கள் வீட்டு வேலை ஏவின. யோசனை சொல்லின, திட்டவும் செய்தன. ஒரு கூட்டுக் குடும்பமே காதுக்குள் குடியேறிவிட்ட மாதிரி.

நம் ஊர்க் குரல்கள் எல்லாம் நல்ல குரல்கள் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. உடலுறவைப் பற்றி ஆபாசமாகப் பேசும் குரல்களைச் சென்னைக்காரர்கள் மிகுந்த அருவருப்போடு சொன்னார்கள் என்றும் அந்த ஆய்வில் இருக்கிறது. அதுவும் வீட்டிலிருந்து வந்ததுதான். எதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று நம்மை வளர்க்கிறார்களோ, குரல் அதைச் சொல்லிவிடுகிறது.

எங்கிருந்து வருகிறது?

உங்கள் உள்ளங்காலை நீங்களே வருடிப் பாருங்கள், கூச்சம் வராது. வேறொருவர் வருடினால் துள்ளுவீர்கள். நம் உடல் ஒன்றைச் செய்யப் போகிறது என்றால் மூளை அதை முன்கூட்டியே குறித்துக்கொள்கிறது. வருவது நம்முடைய செயல்தான் என்று தெரிந்ததும் அதன் வேகத்தைத் தணித்துவிடுகிறது. பேச்சுக்கும் இதுதான் கணக்கு. நாம் எல்லோரும் மனதுக்குள் பேசிக்கொண்டேதான் இருக்கிறோம். 'கேஸை அணைத்தேனா?' 'அவரிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.' இதெல்லாம் நம்முடைய பேச்சு என்று மூளை அடையாளம் போட்டுவிடுவதால் நாம் திடுக்கிடுவதில்லை. குரல் கேட்பவர்களுக்கு அந்த அடையாளம் தவறிவிடுகிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கங்களில் ஒன்று. குரல் கேட்கும் நேரத்தில் மூளையைப் படம் பிடித்தபோது, பேச்சை உருவாக்கும் பகுதியே சுறுசுறுப்பாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். இப்படிப்பட்டவர்களில் பலருக்குத் தன்னைத்தானே வருடிக்கொண்டாலும் கூச்சம் வருகிறது என்றும் லண்டனில் சோதித்திருக்கிறார்கள்.

இதில் டோபமைன் என்ற வேதிப்பொருளுக்குப் பங்கு உண்டு. எது முக்கியம், எதைக் கவனிக்க வேண்டும் என்று மூளைக்கு மணி அடிப்பது அதன் வேலைகளில் ஒன்று. தேவையில்லாத இடத்திலெல்லாம் மணி அடித்தால், சும்மா போகிறவர் முறைக்கிற மாதிரி தெரியும், டி.வி. செய்தி நம்மைக் குறித்துப் பேசுகிற மாதிரி இருக்கும். என் அலமாரியில் இருக்கும் இந்த வகை மாத்திரைகள் பெரும்பாலும் அந்த மணியோசையைத்தான் குறைக்கின்றன.

குரல் கேட்டாலே நோய் என்று பயந்துவிடவும் வேண்டாம். வேல்ஸ் நாட்டில் டெவி ரீஸ் என்ற மருத்துவர் துணையை இழந்த 293 பேரிடம் விசாரித்து 1971ல் எழுதினார். ஏறத்தாழ பாதிப் பேர் இறந்தவரை ஏதோ ஒரு விதத்தில் உணர்ந்திருந்தார்கள். நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குக் குரலே கேட்டிருந்தது. அவர்களில் பலர் அதை ஆறுதலாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பேட்டையிலும், போய்ச் சேர்ந்த மாமா விடிகாலையில் காபி கேட்கிறார் என்று சொல்லும் மாமிகள் உண்டு. அவர்களுக்கு மாத்திரை தேவைப்படுவதில்லை.

ஆனால் நேற்று வரை நன்றாக இருந்த எழுபது, எண்பது வயதுக்காரர் திடீரென்று யாரோ பேசுகிறார்கள் என்று குழம்பினால், மனநோய் என்று முடிவு கட்டுவதற்கு முன் பொது மருத்துவரிடம் காட்ட வேண்டும். ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கலாம், சிறுநீரில் கிருமி இருக்கலாம், புதிதாக ஆரம்பித்த ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். நாள்தோறும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினாலும் குரல் கேட்கும், உருவம் தெரியும். அது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அவசரம்.

ஸ்கிசோஃப்ரீனியா வேறு மாதிரி வரும். பதினெட்டு, இருபது, இருபத்தைந்து வயதில், பெண்களுக்குச் சற்றுத் தள்ளி. முதலில் குரல் என்று யாருக்கும் தெரியாது. பையன் பேச்சைக் குறைப்பான், ராத்திரி தூங்க மாட்டான், குளிக்க மாட்டான், படிப்பில் பின்தங்குவான், தனியாகச் சிரிப்பான். வீட்டில் காதல் தோல்வி என்பார்கள், செல்போன் என்பார்கள், கெட்ட சகவாசம் என்பார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வாழ்நாளில் எப்போதாவது இந்த வகைக் கடும் மனநோய்க்கு ஆளாகிறவர்கள் 1.4 சதவீதம். அவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். எங்கள் தெருவில் இருநூறு பேர் குடியிருந்தால் இரண்டு மூன்று பேர் என்று ஆகிறது. எனக்கு ஒருவரைக்கூடத் தெரியாது. அத்தனை பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

எழுதிவைத்த இருவர்

வீடுகள் மூடிவைத்ததைத் தமிழில் இரண்டு பேர் திறந்து எழுதினார்கள்.

எம்.வி.வெங்கட்ராம் கும்பகோணத்துக்காரர், மணிக்கொடி காலத்து எழுத்தாளர், பட்டு ஜரிகை வியாபாரம் செய்தவர். அவருடைய 'காதுகள்' நாவலுக்கு 1993ல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. மகாலிங்கம் என்ற குடும்பஸ்தனின் காதுக்குள் குரல்கள் கும்பலாகப் புகுந்துகொள்கின்றன. கேலி செய்கின்றன, கேட்கக் கூசுவதைப் பேசுகின்றன. வெளியே அவன் சம்பாதித்தாக வேண்டும். தன் சொந்த அனுபவத்தைத்தான் எழுதினேன் என்பதை எம்.வி.வி. மறைக்கவில்லை. அவர் அதை ஆஸ்பத்திரி மொழியில் எழுதாமல் ஓர் ஆன்மிகச் சோதனையாகவே எழுதினார். சென்னையில் அந்த ஆய்வுக்காரர்கள் கேட்டுப் பதிவு செய்த அருவருப்பை, இருபது ஆண்டுக்கும் முன்பே கும்பகோணத்தில் ஒருவர் நாவலாக்கிவிட்டார். மருந்துக் கடைக்காரனாக நான் அதில் கற்றுக்கொண்டது ஒன்று: எதிரில் நின்று சில்லறை எண்ணிக் கொடுப்பவரின் காதுக்குள் அந்த நேரத்தில் என்ன கலவரம் நடந்தாலும் நமக்குத் தெரியப்போவதில்லை.

இன்னொருவர் கோபிகிருஷ்ணன். மதுரையில் பிறந்து சென்னையில் வாழ்ந்தவர், உளவியல் படித்தவர், மனநலத் துறையில் சமூகப் பணியாளராக இருந்தவர். 'உள்ளேயிருந்து சில குரல்கள்' என்று மனநோயாளிகளின் உலகத்தையே புத்தகமாக எழுதினார். தானும் மாத்திரை சாப்பிடுகிறவன் என்பதை எழுத்தில் ஒளிக்கவில்லை. டாக்டர் மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்த எழுத்தாளர் என்று அவரைச் சொல்லலாம். 2003ல் காலமானார். பைத்தியம் என்று நாம் தள்ளிவைக்கிறவரிடம் எவ்வளவு நியாயமான பேச்சு இருக்கிறது, அலுவலகத்தில் டை கட்டி உட்கார்ந்திருப்பவரிடம் எவ்வளவு கிறுக்கு இருக்கிறது என்று கொஞ்சம் சிரிப்போடு காட்டியவர்.

கீழ்ப்பாக்கம்

சென்னையில் ஒருவரைக் கேலி செய்ய 'கீழ்ப்பாக்கம்' என்ற ஒரு சொல் போதும். சினிமா காமெடிக்காரர்கள் அதில் எத்தனையோ வருடம் பிழைத்தார்கள். அங்கே இருக்கும் அரசு மனநல மருத்துவமனையின் வரலாறு 1794ல் தொடங்குகிறது. வாலன்டைன் கோனலி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஒரு வீட்டில் ஆரம்பித்தார். இப்போதைய இடத்துக்கு 1871ல் 145 நோயாளிகளோடு வந்தது. மருந்து என்று ஒன்று இல்லாத காலம் அது. பூட்டி வைப்பதும் காவல் காப்பதும்தான் வைத்தியம். பாரிஸில் 1952ல் குளோர்ப்ரோமசின் மனநோயாளிகளுக்குப் பயன்பட ஆரம்பித்த பிறகுதான் உலகம் முழுக்க அந்தப் பூட்டுகள் திறக்கத் தொடங்கின.

கீழ்ப்பாக்கத்தில் அதைச் செய்து காட்டியவர் டாக்டர் எம்.சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். 1959ல் அங்கே சேர்ந்தார், 1961ல் கண்காணிப்பாளர் ஆனார், 1978ல் ஓய்வு பெறும் வரை நடத்தினார். ஓய்வுக்குப் பிறகு, 1984ல், ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். மாத்திரை கொடுத்து அனுப்பினால் மட்டும் போதாது, வேலை வேண்டும், குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். 2021 டிசம்பரில், 98 வயதில் மறைந்தார்.

இந்த நோய்க்கு விடிவே கிடையாது என்று நம்புகிறவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1980களின் தொடக்கத்தில் சென்னையில் முதன்முறையாகச் சிகிச்சைக்கு வந்த 90 ஸ்கிசோஃப்ரீனியா நோயாளிகளை ஸ்கார்ஃப் மருத்துவர் ஆர்.தாராவும் சக மருத்துவர்களும் வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். பத்து வருடம் கழித்து 76 பேரை வீடு தேடிப் பார்த்தபோது, நோய் விடாமல் பிடித்தே வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். பெரும்பாலானவர்களுக்கு அறிகுறிகள் அடங்கியிருந்தன, அல்லது இடையிடையே வந்து போயின. பலருக்குத் திருமணமும் ஆகியிருந்தது. உலக மனநல மருத்துவத்தில் இன்றும் பேசப்படும் ஆய்வு அது. நம் ஊரில் நடந்தது, நம் ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியாது.

மறைப்பதற்கு ஆகும் செலவு

மாத்திரை விலை பெரிய தடை என்று நான் சொல்ல மாட்டேன். பழைய மருந்துகள் மாதம் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அரசு மருத்துவமனையில் இலவசம். செலவு வேறு இடத்தில் ஆகிறது.

மாதாமாதம் வரும் ஒருவர் இரண்டு மாதம் காணாமல் போவார். மறுபடி வரும்போது சீட்டில் மில்லிகிராம் ஏறியிருக்கும். "நல்லாயிட்டான்னு நிறுத்திட்டோம் சார்." குரல் நின்றது மாத்திரையால் என்பதை மறந்து, குரல் நின்றுவிட்டதால் மாத்திரை எதற்கு என்று நினைத்துவிடுகிறார்கள். சொல்லாத காரணங்களும் உண்டு. உடம்பு பெருக்கிறது, சர்க்கரை ஏறுகிறது, பகலெல்லாம் தூக்கம், கை நடுங்குகிறது. சில மாத்திரையால் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகும். அதை ஆண் டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். இவற்றில் பலவற்றுக்கு மாற்று இருக்கிறது. அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாறலாம், மாதம் ஒருமுறை ஊசியாகப் போட்டுக்கொள்ளலாம். டாக்டரிடம் வாய் திறந்தால்தான் அவரால் மாற்ற முடியும்.

"தண்ணியில கரையறதா, ருசி தெரியாததா ஏதாவது இருக்கா?" என்று கேட்கும் அம்மாக்களை எனக்கு நன்றாகத் தெரியும். ரசத்தில் கலந்து கொடுக்கத்தான் கேட்கிறார்கள். வேறு வழியில்லாமல் செய்கிறார்கள் என்பதும் தெரியும். ஆனால் இந்த நோயில் பலருக்கு இருக்கும் பெரிய சந்தேகமே 'சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள்' என்பதுதான். ஒருநாள் டம்ளர் அடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்துவிட்டால், அந்தச் சந்தேகத்தை அம்மாவே நிரூபித்தது போல ஆகிவிடும். டாக்டரிடம் சொல்லாமல் இதைச் செய்யாதீர்கள் என்பேன்.

கோயிலுக்குப் போவதை நான் குறை சொல்வதில்லை. எங்கள் பேட்டையில் குணசீலம் போய் ஒரு மண்டலம் தங்கி, உச்சிக்காலத் தீர்த்தத்தை முகத்தில் வாங்கி வந்தவர்கள் இருக்கிறார்கள். அங்கே இன்று உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையமும் இருக்கிறது. ஏர்வாடி தர்காவிலும் தொழுகையோடு அரசு மருத்துவமும் கிடைக்கிறது. ஆனால் ஏர்வாடி என்றதும் 2001 ஆகஸ்ட் 6 நினைவுக்கு வராமல் இருக்காது. விடிகாலையில் ஒரு கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவரையும் ஏதோ ஒரு குடும்பம் கொண்டுபோய் விட்டிருந்தது. ஊருக்குத் தெரியாமல் வைத்திருக்க ஓர் இடம் தேடிய குடும்பங்களும் அவற்றில் இருந்திருக்கும். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, சங்கிலியைத் தடை செய்கிறது. சிகிச்சை பெறுவதை உரிமை என்கிறது. உடல் நோய்க்குக் கொடுப்பது போலவே மனநோய்க்கும் காப்பீடு கொடுக்க வேண்டும் என்கிறது.

மறைப்பின் உச்சம் கல்யாணம். "கல்யாணம் பண்ணா சரியாயிடும்" என்று பொருத்தம் பார்க்கிறார்கள். பெண் வீட்டார் வரும் வாரத்தில் மாத்திரையை நிறுத்துகிறார்கள். சடங்கு, கூட்டம், புது வீடு என்று தூக்கம் கெடும். மூன்றாம் மாதம் குரல் திரும்பும். பெண் என்றால் இன்னும் கொடுமை. மணவாழ்க்கை முறிந்த பெண் நோயாளிகள் பலரைத் தாரா குழுவினர் சந்தித்து 2003ல் எழுதினார்கள். பெரும்பாலானவர்கள் சட்டப்படி விவாகரத்து ஆகாமல் பிறந்த வீட்டில் இருந்தார்கள். ஜீவனாம்சம் கிடைத்தவர்கள் குறைவு. நோயாளி என்ற பேச்சைவிட 'வாழாவெட்டி' என்ற பேச்சுதான் அதிகம் வலித்தது என்று அவர்களும் குடும்பத்தாரும் சொன்னார்கள்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. நோயின் பெயரை மட்டும் காட்டி விவாகரத்து கேட்க முடியாது. சிகிச்சை எடுத்து, அரசு மருத்துவ அலுவலராக வேலையும் பார்த்துவந்த ஒரு பெண்ணை, ஸ்கிசோஃப்ரீனியா என்று சொல்லி விலக்கிவைக்க உச்ச நீதிமன்றம் 2013ல் மறுத்தது. அதே சமயம், முக்கியமான உண்மையை மறைத்து நடத்திய கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்க இந்து திருமணச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆக, நோய் இருப்பது கல்யாணத்தை உடைப்பதில்லை. ஒளித்தது வெளியே வரும்போதுதான் உடைகிறது. சொல்லிச் செய்த கல்யாணங்களை நான் பார்த்திருக்கிறேன். மனைவியே வந்து கணவருக்கு மாத்திரை வாங்கிப் போகிறார், பேரம் பேசுகிறார், பத்து சதவீதத் தள்ளுபடி கேட்கிறார்.

தொனி

'சர்க்கரை வியாதி மாதிரி இதுவும் ஒரு வியாதி' என்று விழிப்புணர்வுக் கூட்டங்களில் சொல்கிறார்கள். கூச்சத்தைப் போக்க அது நல்ல வாசகம். ஆனால் சர்க்கரை உங்கள் அத்தை குரலில் பேசாது. இந்த நோய் உறவுகளுக்குள் நடக்கிறது. அதனால் உறவுகள் பேசும் விதத்துக்கு இதில் இடம் உண்டு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அம்மா வளர்த்த விதம்தான் நோய்க்குக் காரணம் என்று 1940களில் அமெரிக்காவில் ஒரு கொள்கை கிளம்பி, எத்தனையோ தாய்மார்களை அழவைத்தது. அது தவறு என்று எப்போதோ கைவிடப்பட்டுவிட்டது. பரம்பரை, கருவிலும் பிறப்பிலும் நேர்பவை, இளவயதில் கஞ்சா, தாங்க முடியாத நெருக்கடி என்று பல சேர்ந்துதான் நோய் வருகிறது. வந்த பிறகு அது திரும்பத் திரும்ப வருவதில் மட்டும் வீட்டுக்குப் பங்கு இருக்கிறது. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களைக் கவனித்தார். குத்திக்காட்டிப் பேசும் வீடுகளுக்கும், கண் இமைக்காமல் காவல் காக்கும் வீடுகளுக்கும் திரும்பியவர்கள் அதிகம் மறுபடி நோயில் விழுந்தார்கள். பிறகு சண்டிகரில் இதே முறையில் பார்த்தபோது, அப்படிக் குத்திக்காட்டும் குடும்பங்கள் லண்டனைவிட வெகு குறைவு. நம் குடும்பங்களிடம் அந்தப் பொறுமை இருக்கிறது. நாலு பேருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் அதைக் கரைக்கிறது. பயந்த வீட்டில் குரல் உயரும், கதவு சாத்தப்படும், "உன்னாலதான் மானம் போகுது" என்ற பேச்சு வரும். காதுக்குள் ஏற்கெனவே ஒரு குடும்பம் திட்டிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் வெளியிலும் ஒரு குடும்பம் அதையே சொன்னால் எப்படி இருக்கும்? மாத்திரை சத்தத்தைக் குறைக்கும். தொனியை வீடுதான் மாற்ற வேண்டும்.

என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். 'அப்படி ஒரு குரலே இல்லை' என்று வாதாடாதீர்கள், அவருக்குக் கேட்கிறது. 'ஆமாம், எனக்கும் கேட்கிறது' என்றும் நடிக்காதீர்கள். "எனக்குக் கேக்கலை. உனக்குக் கேக்குதுன்னு நம்பறேன். என்ன சொல்லுது?" இந்தக் கடைசிக் கேள்வியை வருடக்கணக்கில் எந்த வீட்டிலும் யாரும் கேட்பதில்லை. பதில் சாதாரணமாக இருக்கலாம். குளிக்கச் சொல்லுது, சாப்பிடச் சொல்லுது. ஆபாசமாக இருந்தால் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். அது அவர் விரும்பி நினைத்தது இல்லை. பதில் கிடைத்தால் அதை டாக்டரிடம் சொல்ல முடியும். ராயப்பேட்டை அரசு மருத்துவமனை இருக்கிறது, சென்ட்ரல் எதிரே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, கீழ்ப்பாக்கம் இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரிலிருந்து மத்திய அரசு நடத்தும் இலவசச் சேவை.

ஒரு பதிலுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. செத்துப்போ என்றோ, யாரையாவது அடி என்றோ குரல் சொல்கிறது என்றால், அன்றைக்கே, நல்ல நாள் பார்க்காமல், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அது வரை தனியாக விடாதீர்கள். பேச ஆள் வேண்டுமென்றால், 1986ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு மையம் எங்கள் பேட்டைக்குப் பக்கத்தில், ராஜா அண்ணாமலைபுரத்தில்தான் இருக்கிறது. எண் 044-24640050. பெயர் சொல்ல வேண்டியதில்லை. எந்த நோட்டிலும் எழுத மாட்டார்கள்.